தேள் கொட்டிய தேறல்

பாட்டில் லண்டனிலிருந்து வந்திருந்தது. என் அக்கா மகன் அதை இரண்டு பனியனுக்கும் ஒரு கம்பளிச் சட்டைக்கும் நடுவே கைக்குழந்தையைப் போலச் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். விமான நிலையச் சுங்கத்தில் யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதையெல்லாம் பொம்மிடி வீட்டு வாசலில் அக்கா கேட்டாள்.

"என்னடா அது?"

"மருந்தும்மா."

"யாருக்கு?"

"தாத்தாவுக்கு."

தாத்தா என்று அவன் சொன்னது என் தாய்மாமனை. எழுபதைத் தாண்டியவர். எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளுக்கடை திறந்திருந்த ஆறு வருடமும் சர்க்கார் அனுமதியோடு தென்னை ஏறியவர். பாட்டிலைக் கண்டதும் தனக்கு என்ன வியாதி என்று அவர் கேட்கவே இல்லை. நேரே மொட்டை மாடிக்கு நடந்தார்.

சேர்வராயன் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று எவர்சில்வர் டம்ளர், ஒரு தட்டில் கொள்ளுச் சுண்டல். அக்கா மகன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, ஒட்டியிருந்த சீட்டை வாசித்துத் தமிழாக்கினான். இது ஏல் என்னும் பீர் வகை, அதிலும் வலுவானது. 11 சதவீதம் ஆல்கஹால். சிவப்பு ஒயின் இருந்த ஓக் மரப் பீப்பாயில் 18 மாதம் கிடந்தது. உலர்திராட்சை, வெனிலா, புகையிலை, தோல் ஆகிய வாசனைகள் மூக்குக்குத் தட்டுப்படும். டூலிப் பூ வடிவக் கண்ணாடிக் கோப்பையில், 13 டிகிரி குளிரில், கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பிக் குடிக்க வேண்டும்.

"தோலுன்னா என்ன தோலு கண்ணு? மாங்காத் தோலா?"

"இல்ல தாத்தா. பதம் பண்ணின தோல். ஷூ, பெல்ட்டு மாதிரி."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "செருப்பு வாசம் வர்றதுக்குப் பதினெட்டு மாசமா? கல்யாண மண்டப வாசல்ல ஒரு நிமிசம் நின்னாப் போதுமே."

இந்த இடத்தில்தான் நான் சரித்திரம் பேச ஆரம்பித்தேன். இன்னும் மூடிகூடத் திறக்கவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். பழி பாட்டில் மேல் போகக் கூடாது.

அவ்வையின் நாக்கு

பொம்மிடி இருப்பது தருமபுரி மாவட்டத்தில். தருமபுரியின் பழைய பெயர் தகடூர். தகடூரை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனைப் பற்றித் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்தது ஒரே ஒரு சங்கதி: சாவைத் தள்ளிப்போடும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் அவ்வையாருக்குக் கொடுத்தான். அத்தோடு பாடம் முடிந்து மணி அடித்துவிடும்.

மணி அடித்த பிறகு என்ன நடந்தது என்பது புறநானூற்றில் இருக்கிறது. அதியமான் இறந்தபின் அவ்வை அழுது பாடிய 235ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். இரங்கல் கூட்டத்தில் நாம் என்ன சொல்வோம்? பண்பாளர், பரோபகாரி, ஈடு செய்ய முடியாத இழப்பு. அவ்வை முதலில் எடுத்துவைத்த சாட்சி, கள். கொஞ்சம் கிடைத்தால் அதை எங்களுக்கே தந்துவிடுவான். நிறையக் கிடைத்தால் எங்களைப் பாடவிட்டு, தானும் எங்களோடு சேர்ந்து குடித்து மகிழ்வான். ஒரு மனிதனின் குணத்துக்கு இதைவிட நறுக்கென்று நற்சான்றிதழ் எழுத முடியாது. கால் பாட்டில் மிஞ்சியிருக்கும்போது நண்பன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை வைத்து இன்றைக்கும் நாம் மனிதர்களை எடைபோடுகிறோம் அல்லவா, அந்தத் தராசை முதலில் தூக்கிப் பிடித்தவர் அவ்வை.

1953இல் ஜெமினி எடுத்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் திருநீறும் கைத்தடியுமாக வந்து நம் மனதில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையில் மொந்தையைக் கொடுத்துப் பார்க்க நமக்குத் துணிவில்லை. ஆத்திசூடி பாடிய அவ்வை பல நூற்றாண்டு பிந்தியவர் என்று தமிழாசிரியர்கள் தொண்டை வற்றக் கத்தினாலும், நாம் எல்லா அவ்வைகளையும் ஒரே கிழவியாக்கி, அவருக்குச் சுட்ட பழத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

இந்தச் சங்க கால அவ்வைதான், எனக்குத் தெரிந்து, தருமபுரி வட்டாரத்தின் முதல் மது விமரிசகர். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய 392ஆம் பாட்டில் விடியற்காலையில் அவன் வாசலில் போய்க் கிணைப் பறையைத் தட்டுகிறார். அவன் வெளியே வந்து, பாசி வேர் போலிருந்த அவருடைய கந்தலைக் களைந்து புதுத்துணி உடுத்தி, கோள்மீன் போல மின்னும் பொன் கிண்ணத்தில் நாள்பட்ட தேறலை ஊற்றித் தருகிறான். விடியற்காலையில்! டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறப்பதையே தாங்காமல் புலம்புகிற தேசம் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தத் தேறல் எப்படி இருந்தது? லண்டன்காரன் நாலு வாசனை எழுதிய இடத்தில் அவ்வை ஒரே ஓர் உவமை எழுதினார்: தேள் கொட்டுவது போல.

உலர்திராட்சை இல்லை, வெனிலா இல்லை. தேள். தருமபுரி மண் பாறையும் கரடுமானது. கல்லைப் புரட்டினால் தேள் ஓடும். அடுப்பங்கரை, வைக்கோல் போர், கோவணம் என்று கொட்டாத இடமில்லை. கொட்டினால் முதலில் ஒரு சுருக். பிறகு கடுப்பு மெல்ல ஏறி, நெறி கட்டி, விடிய விடிய நின்று பேசும். வலுவான மது நாக்கிலிருந்து தொண்டைக்கும், தொண்டையிலிருந்து காதுமடலுக்கும் ஏறுகிற வரிசையை இதைவிடத் துல்லியமாக எந்த நிபுணனும் சொன்னதில்லை.

இன்னொன்று. மது ருசி பார்க்கும் நிபுணர்கள் ஒரு மடக்குக்கும் அடுத்த மடக்குக்கும் நடுவே நாக்கைத் துடைக்க உப்பில்லாத பிஸ்கட்டும் தண்ணீரும் வைத்துக்கொள்வார்கள். நெல்லிக்காயைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்திருக்கிறீர்களா? வெறும் தண்ணீர் இனிக்கும், நாக்கு புதிதாகப் பிறக்கும். அதியமான் அந்தக் கனியை எதற்குக் கொடுத்தான் என்பதில் எனக்கு இப்போது வேறொரு சந்தேகம் வந்திருக்கிறது. புலவர் பெருமக்கள் மன்னிக்கவும்.

முளைகட்டிய தானியம், மூடிய சாடி

"கள்ளு எப்பிடி மாப்ள நாள்படும்?" என்று மாமா குறுக்கே விழுந்தார். "காலையில எறக்குனா உச்சி வெயிலுக்குப் பொங்கும், சாயங்காலம் புளிக்கும், மறுநாளைக்குக் காடி. அதைப் பொன்னுல ஊத்துனா என்ன, மண்ணுல ஊத்துனா என்ன?"

தொழில் தெரிந்தவர் கேள்வி. மரத்துக் கள்ளில் காற்றிலுள்ள ஈஸ்ட் சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும்; அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வருகிற பாக்டீரியா சாராயச் சத்தைப் புளிக்காடியாக மாற்றிவிடும். மரத்துக் கள் நாள்படாது. அப்படியானால் அவ்வை குடித்தது வேறு சரக்கு.

சொல்லே துப்பு கொடுக்கிறது. தேறல் என்றால் தெளிந்தது. கசடு அடியில் இறங்கி, மேலே தெளிவு நிற்பது. பையன் பரீட்சையில் தேறினான், ஜுரம் கண்டவன் தேறினான் என்று சொல்கிறோமே, அதே தேறல்தான். காத்திருந்து, சோதனையைத் தாண்டி மிஞ்சியது. தேனால் செய்த மதுவை மலைக்குறவர்கள் மூங்கில் குழாய்க்குள் அடைத்து முற்றவிட்டதைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. பாரியின் பறம்பு நாட்டில் மண்ணுக்குள் புதைத்துப் பழுக்கவைத்ததைக் கபிலர் புறநானூற்றில் சொல்கிறார். மூங்கிலுக்குள், மண்ணுக்குள், இருட்டுக்குள் நாட்கணக்கில். ஓக் பீப்பாய் செய்கிற வேலையைத்தான் மூங்கில் செய்தது. ஏற்றுமதி லேபிள் ஒட்டத்தான் ஆள் இல்லை.

அக்கா மகனுக்கு ரோஷம் வந்தது. "மாமா, ஏல்னா மால்ட் வேணும். தானியத்தை முளைக்க வச்சு அரைக்கணும். அது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு."

அவனைப் பெரும்பாணாற்றுப்படை பக்கம் திருப்பிவிட்டேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனின் நாட்டுக்கு வழி சொல்லும்போது வலைஞர் குடியிருப்பில் நின்று ஒரு செய்முறையையே கொடுத்துவிடுகிறார். அரிசியைக் குழையக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் பரப்பி ஆறவிட்டு, முளைகட்டிய தானியத்தை இடித்துக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு வைத்திருந்து, வாய் வலுத்த சாடியில் ஊற்றி முற்றவிட்டு, வடிகட்டிக் குடிப்பது. முளை தானியத்தின் நொதி அரிசி மாவைச் சர்க்கரையாக உடைக்கும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை மதுவாக்கும். பீர் என்பது இவ்வளவுதான். உருத்திரங்கண்ணனாருக்கு நொதி என்ற சொல் மட்டும் கிடைத்திருந்தால் உயிர்வேதியியலில் பட்டம் கொடுத்திருப்பார்கள்.

அதியமானுக்காக அவ்வை காஞ்சித் தொண்டைமானிடம் தூது போனார் என்பதும் நமக்குத் தெரியும். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டிப் பெருமைப்பட, அவ்வை சுற்றிப் பார்த்துவிட்டு, உன் வேலெல்லாம் நெய் பூசி மயில்தோகை சூட்டி அழகாக இருக்கிறது, எங்கள் அரசனுடையது நுனி ஒடிந்து கொல்லன் உலையில் கிடக்கிறது என்றாராம். எதிரி வீட்டில் நின்றுகொண்டு இவ்வளவு தைரியமாகக் கேலிசெய்ய, காஞ்சி வலைஞர் சாடிகள் கொஞ்சம் ஒத்தாசை செய்திருக்கும் என்பது என் சொந்தக் கற்பனை. உரையாசிரியர்கள் யாரும் பொறுப்பில்லை.

ஒயின்? அதுவும் வந்தது. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியனுக்குப் பொன் கிண்ணத்தில் பெண்கள் ஊற்றிக்கொடுக்க, அவன் நாள்தோறும் குடித்து இனிதாக வாழட்டும் என்று நக்கீரர் வாழ்த்துகிறார். நெற்றிக்கண்ணைத் திறப்பினும் குற்றம் குற்றமே என்று கதைகளில் அடம்பிடிக்கிற அதே பெயர்க்காரர், இறக்குமதி ஒயினில் மட்டும் ஒரு குற்றமும் காணவில்லை. புதுச்சேரி பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அந்த ஒயின் வந்த ரோமானியச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்க வணிகக் குறிப்பு, முசிறித் துறைமுகத்துக்கு வந்த சரக்குகளின் பட்டியலில் ஒயினையும் சேர்த்து, பக்கத்திலேயே 'அதிகமில்லை' என்று எழுதிவைத்திருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே நமக்கு அளந்துதான் ஊற்றியிருக்கிறார்கள்.

பிறகு பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்துவந்து தகடூரை அழித்தான். அந்தப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூலும் சில பாட்டுகள் போக மறைந்துவிட்டது. எங்கள் ஊர்ப்பக்கத்துத் தேறலும் போச்சு, அதைக் குடித்தவர்கள் கதையும் போச்சு.

கேட்டுக்கு இந்தப் பக்கம்

பொம்மிடி போன்ற ரயில் பாதையோரத்து ஊர்க்காரனுக்கு வாழ்க்கைத் தத்துவம் ஒன்றுதான்: ரயில்வே கேட் எப்போது போடுவான், எப்போது திறப்பான் என்று யாருக்கும் தெரியாது, திறந்திருக்கும்போது ஓடிவிடு. தகடூர் மண்ணில் மதுவின் பிற்காலச் சரித்திரமும் அதே கேட்தான்.

பாரமகால் என்று பெயர் மாறிய இந்தச் சீமை திப்பு சுல்தானிடம் இருந்தது. திப்பு மதுவை ஒழிக்கப் பார்த்தவர். கேட் போட்டாச்சு. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் வந்து இறங்கினார்கள். மன்றோ 1799 வரை இந்தச் சீமையில் இருந்து, தருமபுரியில் தோட்டம் போட்டு, வயலை அளந்து, வரியை அளந்து, ரயத்துவாரிக்கு அடிபோட்டார். அளக்காமல் விட்டது குடியானவனின் பொறுமையை மட்டும்.

கம்பெனிக் கப்பல்களில் அந்தக் காலத்தில் இரண்டு சரக்கு முக்கியம்: மதேரா ஒயினும் இங்கிலீஷ் பீரும். மதேரா என்பது அட்லாண்டிக்கில் போர்ச்சுகீசியர் தீவு. அந்தத் தீவு ஒயின் பூமத்தியரேகை வெயிலில் கப்பல் வயிற்றுக்குள் மாதக்கணக்கில் வெந்து உருண்டு வந்ததும் கெட்டுப்போகாமல் மேலும் ருசித்தது. அதனால் வேண்டுமென்றே இந்தியாவரைக்கும் அனுப்பித் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். நம் பிள்ளைகளை வெளிநாடு அனுப்பி 'பக்குவப்பட்டு வரட்டும்' என்கிறோமே, அது இந்த மதேரா முறைதான்.

போர்ச்சுகீசிய மொழியில் மதேரா என்றால் மரம். ஒயின் நிரப்பும் பெரிய மரக்கலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிப்பா'. அதுதான் நம் வாயில் பீப்பாய் ஆனது. தார் பீப்பாய், தண்ணிப் பீப்பாய், பீப்பாய் மாதிரி இருக்கான் என்றெல்லாம் நாம் சொல்லும்போது, நமக்கே தெரியாமல் ஓர் ஒயின் பீப்பாயின் மூடியைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

பீர் கதை இன்னும் வேடிக்கை. லண்டனில் பௌ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் என்பவர் 1752இல் காய்ச்சும் சாலை தொடங்கினார். இந்தியா போகும் கப்பல்கள் நிற்கும் துறை பக்கத்திலேயே இருந்தது. கப்பல் கேப்டன்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலே கடன் கொடுத்தார், வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் அனுப்பிய அக்டோபர் பீர் வீட்டு நிலவறையில் இரண்டு வருடம் கிடந்து முற்ற வேண்டிய சரக்கு. கடலில் ஆறு மாதம் ஆடியதும் அதே பக்குவத்துக்கு வந்தது. நம் ஊர் மளிகைக் கடைக்காரர் அக்கவுண்ட் நோட்டை வைத்துத் தெருவையே பிடித்ததுபோல ஹாட்ஜ்சன் இந்தியாவைப் பிடித்தார். அப்புறம் விலை ஏற்றி, கடனை நிறுத்தி, எல்லோர் வயிற்றெரிச்சலையும் வாங்கினார். 1822இல் கம்பெனி ஆள் ஒருவர் பர்ட்டன் ஊர் ஆல்சாப்பைக் கூப்பிட்டு, இதே மாதிரி காய்ச்சேன் என்றார். ஆல்சாப்பின் தலைமைக் காய்ச்சுபவர் ஜாப் குட்ஹெட் அந்த பீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, முதல் சோதனையை ஒரு டீப்பாத்திரத்தில் காய்ச்சினாராம். பக்கத்து வீட்டுச் சாம்பாரை ருசி பார்த்தே செய்முறையைக் களவாடும் அத்தைகள் எல்லா தேசத்திலும் உண்டு.

இந்தப் பழைய பீர்களில் வந்த தோல், குதிரைக் கொட்டடி வாசனைக்குக் காரணம் மர இடுக்கில் குடியிருக்கும் ஒருவகைக் காட்டு ஈஸ்ட். 1904இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆலையில் கிளாவ்சன் என்பவர் அதைப் பிரித்தெடுத்து பிரெட்டனோமைசிஸ் என்று பெயரிட்டார். பிரிட்டன் பூஞ்சை என்று பொருள். ஒரு தேசத்தின் பெயரைக் குதிரைக் கொட்டடி நாற்றத்துக்கு வைத்த மனிதர் டென்மார்க்கில் பத்திரமாக இருந்தார். இங்கே வைத்திருந்தால் ராஜத்துரோக வழக்கு.

சரி, வெள்ளைக்காரன் தன் பீரை வருடக்கணக்கில் பழுக்கவிட்டான். நம் கள்ளை? மரத்துக்கு மரம் நம்பர் போட்டு வரி வாங்கினான். கடையை ஏலம் விட்டான். 1886இல் சென்னை அப்காரிச் சட்டம் வந்தது. ஏலம் எடுத்தவன் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். இறக்கியதை அன்றைக்கே விற்றாக வேண்டும். குடிப்பவன் கடை மூடுமுன் குடித்தாக வேண்டும். மூங்கிலில் முற்றவைத்துக் காத்திருக்க யாருக்கு நேரம்? சென்னையிலிருந்து எங்கள் பக்கம் வழியாக மேற்குக் கரைப் பேப்பூர் வரைக்கும் 1862இல் ரயில் பாதையும் வந்துவிட்டது. அவசரம் தண்டவாளம் போட்டுக்கொண்டு வந்தது.

அடுத்து நம்மவர்கள். பெரியார் 1921இல் சேலம் தாதம்பட்டியில் தம் தோப்பில் கள்ளுக்கு விட்டிருந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். இன்றைக்கு ஒரு மரத்தை வெட்டவே பங்காளிகள் பஞ்சாயத்து கூட்டுகிறார்கள். ராஜாஜி திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகை நடத்தினார், உதவிக்குக் கல்கி. பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவனை வீராணம் ஏரிக்கரையில் நிறுத்திவைத்த கை, அதற்கு முன் கள்ளுக்கு எதிராக எழுதிப் பழகிய கை.

1937இல் ராஜாஜி பிரதமரானார். அன்றைக்கு மாகாண முதல்வருக்குப் பட்டம் அதுதான். அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். எங்கே? சோதனைக்கு அவர் தேர்ந்தெடுத்தது தம் சொந்த மாவட்டமான சேலம். அப்போது தருமபுரியும் பொம்மிடியும் சேலம் மாவட்டம்தான். அதியமான் மகன் விடியற்காலையில் பொன் கிண்ணத்தில் ஊற்றிய மண், சென்னை மாகாணத்திலேயே முதலில் வறண்டது. கள் வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரி வந்தது. குடித்தவன் கட்டிய வரியைக் குடிக்காதவனும் பங்குபோட்டுக் கட்டினான். நீங்கள் இன்று கொத்தமல்லிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்து எண்ணெய் பாக்கெட்டுக்குக் கட்டும் வரியின் பாட்டனார், ஒரு சேலத்துக் கள்ளுமொந்தை.

அப்புறம் கேட் ஓயவில்லை. போர்க்காலத்தில் ஆளுநரின் ஆலோசகர் ஆட்சி திறந்தது. 1948இல் ஓமந்தூரார் மாகாணம் முழுக்க மூடினார். 1971இல் கலைஞர் திறந்தார். 1973இல் கள்ளுக்கடையையும் 1974இல் சாராயக் கடையையும் மூடினார். 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 1987 புத்தாண்டு அன்று கள்ளும் சாராயமும் மூடின. 2003இல் ஜெயலலிதா சில்லறைக் கடையையும் அரசாங்கமே நடத்தும் என்றார். நடுவில் 1965இல் தருமபுரி தனி மாவட்டமானது. அதுவும் எந்தத் தேதியில்? அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. கடை திறந்திருந்த காலத்தில் பிறந்திருந்தாலும் பிறந்தநாள் விருந்துக்கு வழியில்லாத மாவட்டம்.

நாக்கில் ஓடும் ரயில்

மூடி திறந்தது. புஸ் என்றது. கருஞ்சிவப்பாக, வெல்லப்பாகு நிறத்தில் இறங்கி, மேலே காப்பி நிற நுரை கட்டியது. மாமா டம்ளரைப் பார்த்தார். கண்ணை மூடினார். அண்ணாந்தார். ஒரே மடக்கில் உள்ளே போனது.

"தாத்தா! சப்பிச் சப்பிக் குடிக்கணும்!"

மாமா கண்ணைத் திறக்கவில்லை. காது மடல் சிவந்தது. தேள் ஏறுகிற வழி எனக்குத் தெரிந்தது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மொந்தையை ஒரே மடக்கில் கவிழ்க்கிற கை, கேட் போடுவதற்குள் தாண்டிப் பழகிய கை. டாஸ்மாக் வாசலில் குவார்ட்டரை நின்றபடியே தண்ணீரில் கலந்து, மூஞ்சியைச் சுளித்து, மருந்துபோல விழுங்கிவிட்டு ஓடுகிறவனும் அதே பரம்பரை. நாம் குடிகாரர்கள் ஆனது சரித்திரத்தில் பெரிய செய்தி இல்லை. அவசரக்காரர்கள் ஆனதுதான் செய்தி. மூட மூட அவசரம் கூடியது. திறக்கத் திறக்கப் பயம் கூடியது. நாள்பட்டது என்ற சொல் பழைய சீக்குக்கு மட்டும் மிச்சமானது.

அதில் இன்னொரு கொடுமை உண்டு. அதியமானின் முன்னோர்கள்தாம் எங்கிருந்தோ கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று அவ்வை அதே 392ஆம் பாட்டிலும் வேறிடத்திலும் சொல்கிறார். அந்தக் கரும்பு இன்றும் இங்கே விளைகிறது. கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா பெயரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் கழிவுப் பாகுதான் நம் நாட்டில் மது ஆலைகளின் மூலப்பொருள். அதிலிருந்து வடித்த ஸ்பிரிட்டுக்கு எரித்த சர்க்கரையால் நிறம் ஏற்றி, வாசனை சேர்த்து, பிராந்தி என்று பெயர் சூட்டுகிறோம். பிராந்தி திராட்சையில் செய்வது. நம் பிராந்தி திராட்சையைப் படத்தில் மட்டும் பார்த்தது. கரும்பைக் கொண்டுவந்த பாட்டனுக்குப் பேரன்கள் செய்த திவசம் இது.

மாமா மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"எப்பிடி இருக்கு தாத்தா?"

"பழைய கேவுருக் கூழு கொஞ்சம், புளிச்ச திராட்சை கொஞ்சம், எங்க அப்பாவோட எடைக்கச்சு வாரு கொஞ்சம்." நாக்கைச் சப்புக்கொட்டினார். "நீ சொன்ன தோலு இருக்குது கண்ணு. மரமேறுற வாரு. வேர்வை ஊறி ஊறிக் கறுத்திருக்குமே, அந்த வாசம்."

அக்கா மகன் என்னைப் பார்த்தான். லேபிள் எழுதிய லண்டன்காரனைவிடக் கிழவர் நெருங்கிவிட்டார்.

இரண்டாம் டம்ளரை அவராகவே பாதிதான் ஊற்றச் சொன்னார். இந்த முறை அண்ணாக்கவில்லை. உதட்டில் வைத்தார், எடுத்தார். ஒரு கொள்ளை வாயில் போட்டார். கீழே சேலம் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி, எண்ண முடியாத அளவு பெட்டிகளோடு போனது. அது முழுக்கப் போய் முடியும்வரை அந்த அரை டம்ளர் அவர் கையில் இருந்தது.

"ஒண்ணு சொல்றேன் மாப்ள. நாம மரத்துல இருந்து எறக்கினோம். அவன் மரத்துக்குள்ள எறக்கினான். அவ்ளோதான் வித்தியாசம்."

பாட்டிலில் கால் பாகம் மீதியிருந்தது. அக்கா மகன் பங்குபோடக் கை நீட்டினான். மாமா பாட்டிலை வாங்கி, மூடியைத் திருப்பி அழுத்தி, துண்டால் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தாத்தா, திறந்ததை வைக்கக் கூடாது. கேஸ் போயிடும். நாளைக்கு நல்லா இருக்காது."

"கெட்டாக் காடி. உங்கம்மா ஊறுகாயில ஊத்திக்கட்டும்."

ஆறு வருடம் கள் இறக்கியவர். சாயங்காலத்துக்குமேல் தாங்காத சரக்கைத் தவிர வேறெதையும் கை தொடாதவர். வாழ்க்கையில் முதல்முறையாகக் குடிக்கிற பொருளை நாளைக்கு என்று எடுத்துவைக்கிறார். அக்கா கண்ணில் படாமல் மாட்டுத் தொழுவத்து வைக்கோலுக்கடியில் அதைப் புதைத்தார் என்பது பிறகு தெரிந்தது. பாரியின் பறம்பு நாட்டு முறை; யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலி டம்ளர். கண் தெளிவாக இருந்தது.

"என்ன மாமா, காடியாப் போச்சா?"

"இல்ல மாப்ள. தேறுது."